வடக்கு முனை காலியாகவே இருக்கட்டும்

காஜா அண்ணன் காலமான செய்தி வந்தபோது நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். போனில் அவர் பெயர் தெரிந்தது. முந்தின நாள் சண்டையைத் தொடரத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, "அண்ணே, செத்த நேரம் பொறுங்க, குழம்பு கொதிக்குது" என்றேன். பேசியது அவர் மனைவி நூர்ஜஹான் மதினி. "தங்கச்சி, விடியல்ல ஃபஜ்ர் தொழுதுட்டு வந்து சாஞ்சாவ. பொறவு எந்திரிக்கவே இல்ல. அவிய போயிட்டாவ" என்றார். அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினேன். இராஜபாளையம் டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது.

இந்த அஞ்சலியைப் படிப்பவர்களில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காஜா முகைதீன் இராஜபாளையத்துக்காரர். வீட்டில் எல்லோருக்கும் பேண்டேஜ் துணி வியாபாரம். இவர் மட்டும் நகரமைப்பு படித்துவிட்டு, கடலோரக் கிராமங்களுக்குத் திட்டம் போடும் வேலைக்கு வந்தார். கரையில் எங்கே வீடு வரலாம், எங்கே ரோடு வரலாம், எதைத் தொடவே கூடாது என்று ஊராரோடு உட்கார்ந்து பேசி வரைபடமாக்குவது எங்கள் பிழைப்பு. அவர் கரையை நடந்து அளப்பார், நான் கம்ப்யூட்டரில் வரைவேன். இரண்டு பேருமே கடல் இல்லாத ஊரில் பிறந்தவர்கள்.

கடைசியாக நாங்கள் எடுத்துக்கொண்ட கிராமத்தில் முதல் நாளே இது பேச்சாகிவிட்டது. ஊர்த்தலைவர் அந்தோணி அண்ணாச்சி எங்களை மேலும் கீழும் பார்த்து, "மலையடிவாரத்துல இருந்து வந்து எங்களுக்குக் கடல் சொல்லித் தரப் போறீயளோ?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அண்ணன் சிரித்தார். "கடலை நீங்க சொல்லித் தாங்க அண்ணாச்சி. போன தண்ணி திரும்பி வரும்ங்கிறது மட்டும் எனக்குத் தெரியும். நான் கண்மாயைப் பாத்து வளந்தவன்."

அது வாய்ச்சவடால் இல்லை. மழை பொய்த்திருந்த சமயம் என் அக்கா வீட்டுக்காரர் எங்கள் ஊர்க் கண்மாயின் உள்வாயில், அதாவது தண்ணீர் நிற்க வேண்டிய பரப்பிலேயே, மலிவாக மனை வாங்கக் கிளம்பினார். சேதி காதில் விழுந்ததும் அண்ணன் இராஜபாளையத்திலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "தாராளமா வாங்குங்க மச்சான். மழை வந்தா கட்டில்ல படுத்துக்கிட்டே மீன் பிடிக்கலாம்" என்றார். அத்தான் மனை வாங்கவில்லை. அண்ணனோடு ரொம்ப நாள் பேசவும் இல்லை.

அப்படிப்பட்ட மனிதரே ஒரு தப்புச் செய்தார். அந்தக் கிராமத்தைக் கடல் அமைதியாக இருந்த பருவத்தில் அளந்தோம். வடக்கு முனையில் மணல் அகலமாக விரிந்து கிடந்தது. அங்கே படகும் இல்லை, வலையும் இல்லை. மீன் ஏலக்கூடம் கட்டத் தோதான இடம் என்று அண்ணன் குறித்தார். ரொம்ப காலமாகக் கூடம் கேட்டு அலைந்த ஊர், எந்த இடம் என்று பார்க்காமல் தலையாட்டியது. அப்புறம் எங்கள் பக்கம் நல்ல மழை. நிரம்பிக் கிடந்த கண்மாய்க் கரையில் நின்றபடியே எனக்குப் போன் செய்தார். "கடலையும் வத்துன கண்மாயாட்டம் பாத்துட்டு வந்துட்டோம் தங்கச்சி. காத்து மாறின பொறவு ஒருக்கா போய்ப் பாக்கணும்."

போனோம். முனையில் பாதி மணலைக் காணோம். மிச்சமிருந்த மணலில் ஊர்ப் படகுகள் எல்லாம் நெருக்கியடித்து ஏற்றி வைக்கப்பட்டிருந்தன. அங்கே கூடம் எழும்பினால் படகுகளுக்குப் போக்கிடம் இல்லை. கூடத்தைக் காப்பாற்றக் கல் கொட்டினாலோ, அலை பக்கத்துக் கரையை அரித்துவிடும். அண்ணன் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீரில் நின்றார். "எம்புட்டுப் பெரிய முட்டாத்தனம் பண்ணிருக்கேன்" என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அடுத்த ஊர்க்கூட்டத்தில் எழுந்து, "தப்பு என் மேல. கூடம் ரோட்டுப் பக்கம் வரட்டும். முனை காலியா இருக்கணும்" என்றார். கைக்கு வந்ததைப் பிடுங்குகிறார் என்று ஒரே கூச்சல். "காலியாப் போடுததுக்கு ஒரு திட்டமா? அதுக்கு நீங்க எதுக்கு?" என்றார் அந்தோணி அண்ணாச்சி. "சும்மா விட்டா எவனாவது கட்டிருவான் அண்ணாச்சி. காலியா வைக்கத்தான் திட்டமே வேணும்" என்றார் அண்ணன். முடிவு எடுக்காமல் கூட்டம் கலைந்தது. அதற்கப்புறம் அவர் வீடு வீடாகப் போனார். போன இடத்திலெல்லாம் ஒரே கேள்விதான்: "பெருங்காத்து அடிச்சா உங்க படகை எங்க ஏத்துவீய?"

எங்களுடைய கடைசிச் சண்டையும் அந்த முனையைப் பற்றித்தான். பாதி முனையில் சின்னதாகக் கூடம், பாதியில் படகு என்று வரைந்தால் இரண்டு தரப்பும் ஒத்துக்கொள்ளும் என்றேன். "கடல் பாதியோட நிக்குமா, ஏட்டி?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். கோபம் வந்தால்தான் என்னை ஏட்டி என்பார். அதுதான் அவர் குரலை நான் கடைசியாகக் கேட்டது.

அடக்கத்துக்கு அந்தக் கிராமத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். தெருமுனையில் அந்தோணி அண்ணாச்சி என்னிடம் வந்தார். "அடுத்த மாசம் ஊர்க்கூட்டத்துல முனையைப் பத்தி முடிவு பண்ணப் போறாவ. இனி யாரும்மா நமக்குப் பேசுவா?"

"நீங்கதான அண்ணாச்சி அங்க கூடம் வேணும்னு நின்னீய?"

"நின்னேன். என் படகை எங்க ஏத்துவேன்னு கேட்டாரு. எனக்குப் பதில் வரலியே" என்று சொல்லித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் பேசுவதாகச் சொல்லியிருக்கிறேன். அண்ணன் இல்லாமல் அந்த ஊருக்குப் போக மனசு வரவில்லை. ஆனாலும் போவேன். அவருடைய பொறுமை எனக்கு வராது, சிரித்துப் பேசவும் வராது. அந்தக் கேள்வியை மட்டும் அவரிடமிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். கூடம் அங்கேதான் வேண்டும் என்கிற ஒவ்வொருவரையும் பேர் சொல்லி எழுப்பி அதைக் கேட்பேன். பதில் வரும்வரை உட்கார மாட்டேன். பாதி முனை என்ற பேச்சு இனி என் வாயில் வராது அண்ணே.