அடுக்களைக்குக் கீழே நட்ட தூண்

பிள்ளைகளா, பக்கத்து வீட்டுக்காரர்களெல்லாம் மேட்டில் கட்டிய புது வீடுகளுக்குப் போய்விட்டார்கள், நமக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அம்மாவிடம் கேட்டால், அப்பாவைக் கேளுங்கள் என்கிறாள். நான் ஆறாவது வரை படித்தவன். வாயால் சொன்னால் கோபம் முந்திக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன்.

நம் வீடு சரிவில் நிற்கிறது. முன்பக்கம் ரோட்டு மட்டம். பின்னால் அடுக்களைக்குக் கீழே, குனிந்து நிற்கிற உயரத்தில் ஓர் அறை. விறகும் என் மோட்டார் சைக்கிளும் இருக்கும் இடம். அடுக்களையைத் தாங்கிய மரத்தூண் அங்கே ஈரத்தில் மக்கிப்போனது. தரை சாய்ந்தது. மேசையில் வைத்த பென்சில் தானாக உருண்டு போகும், உங்களுக்கு அது விளையாட்டு. நான் ராத்திரியில் எழுந்து, டார்ச்சோடு கீழே போய்த் தூணைப் பார்த்துவிட்டு வந்து படுப்பேன்.

எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியிடம் சொல்லிச் சொல்லி அலுத்தேன். ஒருநாள் அவரே நம் லயத்து வீட்டு வரிசைக்கு வந்து, "அடுத்த வாரம் துரை வீடு பாக்க வர்றாரு. எல்லாரும் இருங்க" என்றார். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. துரை வருகிறார் என்றால் நம் ஆட்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். வாசலைக் கூட்டு, சாக்கடையைக் கழுவு, உடைசல் எதுவும் அவர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள். உடைந்திருந்தால் நாம்தான் உடைத்தோம் என்பார்கள்.

அம்மா சுவர் வெடிப்பை அடைத்து வெள்ளையடித்தாள். நான் பிரிஞ்சாங் டவுன் பட்டறையில் ஓர் இரும்புக் குழாய்க்கு இரண்டு முனையிலும் தகடு ஒட்டவைத்து வாங்கிவந்தேன். எஸ்டேட் லாரி ஓட்டும் பக்கத்து வீட்டுத் தம்பி ஜாக் கொடுத்தான். உத்தரத்தை ஜாக்கால் மெல்லத் தூக்கினேன். மேலிருந்து அம்மா, "மெதுவாங்க, அடுப்பே ஆடுது!" என்று கத்தினாள். கெட்டி மண் வரும்வரை குழி தோண்டி, குழாயை உத்தரத்தோடு பொருத்தி நிறுத்தி, அதன் காலைச் சுற்றிக் கான்கிரீட் ஊற்றினேன். குளிரில் அது மெதுவாகத்தான் இறுகும். அதற்குள் காய்ந்து வெடிக்காமலிருக்க ஈரச் சாக்கைச் சுற்றிவிட்டு, ஜாக்கைப் பக்கத்திலேயே விட்டுவைத்தேன்.

அதற்கு அடுத்த நாளே துரை வந்தார். கீழே டார்ச் அடித்துப் பார்த்து, தூணைத் தட்டி, "பாகுஸ்" என்று மலாயில் மெச்சினார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

மறுநாள் காலை வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில்தான் கிராணி விஷயத்தைச் சொன்னார். வீடு மோசமாக இருக்கிறவர்களுக்குப் புது வீடாம், துரை வந்து பார்த்தது அதற்குத்தானாம். நம் வீடு அதில் இல்லையாம்.

"மக்கிப் போச்சுன்னு எத்தன வாட்டி சொன்னேன் ஐயா?"

"அதான் இப்ப சரியாயிடுச்சே லா."

ஜாக் கொடுத்த தம்பி வீட்டுச் சுவர் ஊறி உப்பியிருந்தது. அவன் ஒரு துடைப்பத்தைக்கூட எடுக்கவில்லை. அவனுக்குப் புது வீடு. சாயங்காலம் வந்து சிரித்தான்.

"சோம்பேறிக்கு வீடு, ஒனக்குத் தூணு. பேசாம ஜாக்க எறக்கிட்டு, அந்தக் கொழாய தட்டிவுடுண்ணே. தரை தொங்கட்டும். நானே போய்த் துரையக் கூட்டியாறேன்."

நான் சிரிக்கவில்லை. அவன் சொன்னது எனக்குச் சரியாகத்தான் பட்டது. அவன் போனதும் சம்மட்டியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். கான்கிரீட் இன்னும் முழுதாக இறுகாமல் பச்சையாக இருந்தது. நாலு அடி பலமாக அடித்தால் பெயர்ந்துவிடும். தலைக்கு மேலே அடுக்களையில் நீங்கள் யார் பெரியவர் என்று சண்டை போட்டு ஓடினீர்கள். பலகை திடுதிடுவென அதிர்ந்தது. தூண் அசையவில்லை.

அந்தத் துரை மேலும் கிராணி மேலும் எனக்கு இன்றும் கோபம் ஆறவில்லை. கேட்காமல் வாயை மூடிக்கொண்டு கூட்டிப் பெருக்கிய எங்கள் புத்தியின் மேலும்தான்.

சம்மட்டியை விறகு மேல் வைத்தேன். தூண் காலில் சுற்றியிருந்த சாக்கு காய்ந்திருந்தது. வாளியில் தண்ணீர் பிடித்துவந்து, சாக்கு முழுதும் நனையும்வரை ஊற்றினேன்.