சுவரைத் தாண்டாத வீணை

கரமனை அக்ரகாரத்தில் அண்ணா சேஷன் வீட்டில் இருந்தாள் சூடாமணி. பதினாறு வயதில் புருஷன் போனபின் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவள். அப்பா கற்றுக்கொடுத்த வீணை மட்டும் கூட இருந்தது. விதவை வாசிப்பது தெருவில் கேட்கக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. அம்மா காலமான பிறகும் அது மாறவில்லை. சேஷன் ஆபீசுக்குப் போனதும் உள்ளறை ஜன்னலைச் சாத்திக்கொண்டு, சத்தம் சுவரைத் தாண்டாதபடி மெல்ல மீட்டுவாள். முப்பது வருஷம் இப்படியே போயிற்று.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில் ஊரில் ரேடியோ நிலையம் வந்தது. சேஷனின் மனைவியான மன்னி விஜயலக்ஷ்மியைப் பார்க்க வந்த பள்ளிக்கூட டீச்சர் லீலாபாய் ஒருநாள் வீணையைக் கேட்டுவிட்டு, "ரேடியோவில யாரும் ஆளைப் பாக்க மாட்டாங்க, வாங்க" என்று கூப்பிட்டாள். மன்னி ஒப்புக்கொண்டாள். சேஷனிடம் யாரும் சொல்லவில்லை.

முதல்முறை நிலையத்துக்குப் போன அன்று அங்கே ஒரு பெரிய வித்வானும் வந்திருந்தார். கோயில் மண்டபத்தில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமென்று அழுத்தி வாசித்துப் பழகிய கை. மைக் முன்னால் அது வெறும் இரைச்சலாக இருந்தது. அடுத்து சூடாமணி உட்கார்ந்தாள். சத்தம் மைக்கில் விழுமென்று மற்ற பெண்களை வளையலைக் கழற்றச் சொல்வார்கள். இவளிடம் கழற்ற ஒன்றும் இல்லை. அவள் மீட்டியதும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காதில் ஹெட்போனோடு இருந்த வேலாயுதன் நிமிர்ந்து உட்கார்ந்தான். நாகர்கோவில்காரன், மைக்கைக் கவனிக்கிறவன்.

"அம்மா, நாதம் அப்படியே வருகு. ஆனா கம்பியில வெரல் உரசுகதும் கேக்கு" என்றான்.

அதுவரை அந்த உரசல் அவள் காதுக்கே எட்டியதில்லை. பதினைந்து நாள் அதையே சாதகம் செய்தாள். விரலை ஓடவிட்ட இடங்களிலெல்லாம், ஒரே வெண்கல மெட்டில் நின்று கம்பியை இழுத்து ஸ்வரத்தைப் பிடித்தாள். விரல் நுனி வெடித்தது. பிறகு வேலாயுதன் குறை சொல்லவில்லை. பெயர் சொல்ல வேண்டாம் என்று மட்டும் அவள் கேட்டுக்கொண்டாள்.

மூன்றாவது முறை வாசித்த மாலை, சேஷன் பழவங்காடியில் ஒரு கடை ரேடியோவில் வீணையில் தோடி ராகம் கேட்டார். நடுவில் வந்த ஒரு பிடி, ஸ்வரங்களை வளைத்த விதம், அப்பாவுடையது. வேறு யாரும் அப்படி வாசித்து அவர் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து கூடத்தில் நின்றுகொண்டே இருந்தார். நிலையத்திலிருந்து திரும்பிய சூடாமணி உள்ளே வந்தாள்.

"சூடா, ரேடியோல நீயா?"

"நான்தான் அண்ணா."

சேஷன் ஊஞ்சலில் உட்கார்ந்தார். "முப்பது வருஷம் ஒரே ஆத்துல இருந்திருக்கேன். இன்னிக்கு ஒரு கடை வாசல்ல நின்னு கேட்டேன்" என்றார். பிறகு, "பேரைச் சொல்லச் சொல்லு" என்றார்.

அடுத்த மாதம் பெயரைச் சொன்னார்கள். தெருவில் நாலு வீட்டார் விஜயலக்ஷ்மியை மஞ்சள் குங்குமத்துக்கு அழைப்பதை நிறுத்தினார்கள். மன்னி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. விரல் மூட்டு வீங்கி மடங்காமல் போகும்வரை, ஐந்து வருஷம், சூடாமணி வாசித்தாள்.