பொழுது இறங்கும்வரை கழற்ற மாட்டேன்

விரல் நீளமுள்ள ஒரு தகரக் குழாய்க்காக எங்கள் மூன்று பேரையும் ஹாஸ்டலை விட்டுத் துரத்தப் பார்த்தார்கள். கடவுள் விடவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தமிழ் படிக்கத் தெரிந்த யூதர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்று தெரியும். பரவாயில்லை, கடவுளை நம்புகிற யாராக இருந்தாலும் படியுங்கள்.

என் பெயர் எஸ்தர். ஊர் காரிமங்கலம். கொச்சிப் பக்கத்து யூதக் குடும்பம். அப்பா இங்கே டயர் கடை போட வந்து தங்கிவிட்டார். தர்மபுரியில் நர்சிங் படிக்கிறேன். பெயரைக் கேட்டதும் எந்தச் சர்ச் என்பார்கள். போன வருஷம் தானேயிலிருந்து நவோமியும் மிசோரத்திலிருந்து லியாவும் வந்து சேர்ந்தார்கள். மூன்று யூதப் பெண்களுக்கும் ஒரே அறை. எங்கள் வழக்கப்படி, வேத வசனம் எழுதிய தோலைச் சுருட்டிக் குழாயில் வைத்து வாசல் நிலையில் திருகினோம். மெசூசா என்போம்.

டிவியில் எந்நேரமும் இஸ்ரேல் போர்ச் செய்தி ஓடிய சமயம் அது. ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை, எதிர் அறை ஷபானா அந்தக் குழாயைப் போட்டோ எடுத்து ஹாஸ்டல் குரூப்பில் போட்டாள். "இது கேமராவா?" என்று கேட்டிருந்தாள். அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் அது இஸ்ரேல்காரிகள் வைத்த கேமரா ஆகிவிட்டது. பெண்கள் குளிக்கப் போகவே பயந்தார்கள். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் மறுநாள் எங்கள் கதவில் "உங்க நாட்டுக்குப் போங்க" என்று சாக்பீஸில் எழுதியிருந்தது. எந்த நாட்டுக்கு? காரிமங்கலத்துக்கா? அதற்கு டவுன் பஸ்ஸே போதுமே!

சனிக்கிழமை காலை வார்டன் மேடம் எலக்ட்ரீஷியனோடு வந்தார். பின்னால் பாதி ஹாஸ்டல் நின்றது.

"கழட்டிக் காட்டும்மா. இல்லன்னா மூணு பேரும் பெட்டியக் கட்டுங்க."

கழற்றினால் ஒரு நிமிஷத்தில் உண்மை தெரிந்துவிடும். ஆனால் அன்று எங்கள் ஓய்வுநாள். வெள்ளி பொழுது சாய்ந்ததிலிருந்து சனி பொழுது சாயும்வரை எந்த வேலையும் செய்யமாட்டோம், ஸ்க்ரூகூடத் திருகமாட்டோம், எங்களுக்காக வேறு ஆளைத் திருகச் சொல்லவும் மாட்டோம்.

"பொழுது எறங்கட்டுங்க மேடம். நானே கழட்டறேன்ங்க."

"மடியில கனமில்லன்னா வழியில எதுக்கும்மா பயம்?"

எனக்கு அழுகை முட்டியது. லியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கண்ணை மூடி ஜெபித்தேன். எபிரேயத்தில் ஆரம்பித்தது பாதியிலேயே தமிழுக்கு வந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்குத் தமிழ்தான் வரும். 'கடவுளே, நாங்கள் மூன்று பேர்தான். எங்களுக்காகப் பேச ஒரே ஒரு ஆளை அனுப்பு. இல்லாவிட்டாலும் நான் கழற்றப் போவதில்லை' என்றேன். அப்படியே மூவரும் வாசலை மறித்து உட்கார்ந்தோம்.

ஷபானா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"மேடம், நோன்பு நாள்ல மத்தியானம் என்னையத் தண்ணி குடிச்சுக் காட்டுன்னு சொல்லுவீங்களா? பொழுது எறங்கற வரைக்கும்தான கேக்கறா. போட்டோ போட்டது நான்தானுங்க. நானே இங்க உக்காந்து பாத்துக்கறேன். அதுல எவளும் கை வெக்க முடியாது."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "உன்னைய நம்பிட்டேன்னு நெனைக்காத. கேமராவா இருந்துச்சுன்னா, சும்மா வுட மாட்டேன்."

"வுடாத," என்றேன்.

வார்டன் மேடம் எலக்ட்ரீஷியனை அனுப்பிவிட்டு, "சாயங்காலம் நானே வந்து பாப்பேன்" என்றார்.

நல்ல மனசுக்காரி ஒருத்தியைக் கேட்டேன். கடவுள் என்னை மாட்டிவிட்டவளையே அனுப்பினார்! எங்களுக்கு எதிரே சுவரில் சாய்ந்து, சாயங்காலம்வரை அவள் எழுந்திருக்கவில்லை. தொழுகைகூட அங்கேயே பாய் விரித்துத்தான். மதியச் சாப்பாட்டை அவள் தோழிகள் நால்வருக்கும் கொண்டுவந்து வைத்தார்கள். எதைத் தொடுவோம், எதைத் தொடமாட்டோம் என்று கேட்டுக்கொண்டு, தயிர்சாதத்தைப் பகிர்ந்துகொண்டோம்.

வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்து ஓய்வுநாள் முடிந்ததும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். தோலை விரித்துக் காட்டினேன். கறுப்பு மையில் எழுத்து வரிசை, வேறொன்றும் இல்லை. என்ன எழுதியிருக்கிறது என்று ஷபானா கேட்டாள். கடவுள் ஒருவரே, அவரை முழு மனசோடு நேசி என்று இருக்கிறது என்றேன். அவள் குனிந்து அந்த எழுத்துகளைப் பார்த்தாள். "இதுக்கா இத்தன பாடு," என்றாள்.

வார்டன் மேடம் மன்னிப்புக் கேட்கவில்லை. "போய்ப் படிங்கம்மா" என்றார், அவ்வளவுதான். குழாயை அதே இடத்தில், எல்லோரும் பார்க்கத் திருகினேன்.

முன்பு வெள்ளிக்கிழமை மெழுகுவர்த்தி ஏற்றும்போது அறைக் கதவைச் சாத்திக்கொள்வோம். இப்போது திறந்தே வைக்கிறோம். போன வாரம் எங்கள் ரொட்டியைப் பிட்டுத் தின்ன ஒன்பது பேர் வந்தார்கள். கடவுளுக்கு நன்றி.

உங்கள் வாசலிலும் ஒருநாள் யாராவது வந்து நின்று, கழற்று என்பார்கள். பயமாகத்தான் இருக்கும். கழற்றாதீர்கள். கடவுளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வாசலிலேயே உட்கார்ந்துகொள்ளுங்கள்.