தேரன்று மரத்தடியில் வந்த நித்திரை

ஜேர்மனியில் உள்ள ஊன்ட்றொப் காமாட்சி அம்மன் தேருக்கு இந்தக் கோடையில் போனது என் கணவர் தவத்தின் நேர்த்திக்கடனுக்காக. கொலோனில் இருந்து காரில் ஏறத்தாழ நூற்றிருபது கிலோமீற்றர். ஒன்றரை மணித்தியாலம் போதும். காரைத் தூர விட்டுவிட்டு நடக்க வேண்டும், தொப்பி கொண்டு போங்கள்.

தேர் வீதி சுற்றி இருப்புக்கு வந்ததும் தவம் மரத்தடியில் சரிந்து படுத்தார். மோர் கொடுக்கப் போன என்னை, கூட வந்த மச்சாள் மறித்தார்.

"விரதக்காரரெல்லோ, களைப்பு. எழுப்பாதேங்கோ."

விரதம் இருந்தவர் அயர்ந்தால் எழுப்புகிற வழக்கம் எங்கள் சனத்திடம் இல்லை. நானும் விட்டேன். பிறகு மனம் கேளாமல் உலுப்பினேன். கண்ணைத் திறந்து, "கொஞ்சம்..." என்றவர் சொல் முடியுமுன்னே தூங்கிவிட்டார். நறுக்கென்று கிள்ளினேன். முகத்தைச் சுளித்தார், அவ்வளவுதான். உடனே அம்புலன்ஸுக்கு 112-ஐ அழைத்தேன்.

ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்தார்கள். வாய் கோணவில்லை, கைகால் இழுக்கவில்லை, இரத்தத்தில் சீனியும் சரி. முதல் ஸ்கானிலும் ஒன்றுமில்லை. வெறும் களைப்புத்தான் என்று நான் மூச்சுவிட்ட நேரத்தில், டொக்டர் அம்மா அவரைத் தட்டி எழுப்பி விரலைப் பார்க்கச் சொன்னார். கண்கள் இடம் போயின, வலம் போயின. மேலே போகவே இல்லை. டொக்டருடைய முகம் மாறியது. உடனே எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள்.

பக்கவாதம்! மூளையின் நடுவே, விழிப்பைக் காக்கும் தலமஸ் இரண்டு பக்கமும் அடிபட்டிருந்தது. சிலருக்கு மட்டும் இரண்டு பக்கத்துக்கும் ஒரே சின்ன இரத்தக்குழாய்தானாம், அது அடைத்துவிட்டது. நித்திரையும் ஒரு பக்கவாதமா?

"கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?" என்று டொக்டர் கேட்டார்.

"தேர் இருப்புக்கு வந்தபோது" என்றேன். அது அவருக்கு என்ன விளங்கும்? நல்லகாலம், அப்போது தவம் சிரித்துக்கொண்டு நின்ற படம் போனில் இருந்தது, நேரத்தோடு. மருந்து ஏற்றக்கூடிய நாலரை மணித்தியாலம் தாண்டவில்லை. இரத்தக்கட்டியைக் கரைக்கும் அந்த மருந்தை ஏற்றினார்கள்.

திருவிழாவுக்குப் போகிறவர்களே, திடீரென்று தூங்கி, எழுப்பியும் விழிப்பு நிலைக்காத ஒருவரை அப்படியே விடாதீர்கள். மோரோ தண்ணீரோ பருக்காதீர்கள், புரையேறிவிடும். 112-ஐ அழையுங்கள்.

தவம் மறுநாளே கண் விழித்தார், என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். ஆனால் புதிதாக நடப்பது எதுவும் மனதில் தங்குவதில்லை. பயிற்சியால் தேறலாம் என்கிறார்கள். நேற்று முழுக்க, காலையில் இருந்தே கட்டிலருகேதான் இருந்தேன். ஒரு நிமிடம் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தால், ஆசையோடு கையை நீட்டினார்.

"இப்பதான் வாறீரோ? எவ்வளவு நேரமாப் பாத்துக்கொண்டிருக்கிறன்."

"ஓம், இப்பதான் வாறன்" என்றேன்.