ஒன்பது மணிக்கு மேல் கிளம்பிய விமானம்

மலேசியாவில், ஈப்போ விமான நிலையத்தில், தனி விமானம் வாடகைக்கு ஏற்பாடு செய்துதரும் சின்ன ஆபீசில் எனக்கு வேலை. பயண நேரத்தைக் கணக்குப் போட்டுச் சொல்வது என் பொறுப்பு. இணையத்தில் ஊர் பேரைத் தட்டினாலும் ஒரு நேரம் வரும். மேலேற ஆகும் நேரமோ எதிர்க்காற்றோ அதில் கிடையாது. அதை நம்புகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று திங்கட்கிழமை. காலையில் வந்தவர்கள் செட்டிநாட்டுக் குடும்பத்து அண்ணனும் தங்கையும். அப்பா திருச்சி ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டிருந்தார். ஏழரைக்கே விமானம் தயார். மூன்றே முக்கால் மணி நேரம் ஆகும் என்று எழுதி முதலாளியிடம் நீட்டினேன்.

அண்ணன் சுவர் காலண்டரைப் பார்த்தார். "ஏழரையிலருந்து ஒம்பது ராகு காலம். அதுக்குள்ள அவசரமாப் பறக்கவா? ஒம்பதுக்கு மேல போலாம்."

"லேட்டாயிடும் அண்ணே," என்றேன்.

"உசுரோட இருக்கிற மனுசனப் பாக்கப் போறோம்மா. நல்ல நேரத்துலதான் கெளம்பணும்."

தங்கை என் முதலாளியைப் பார்த்தாள். "ஒம்பதுக்குக் கெளம்புனா அப்பாவப் பாத்துடலாமா?"

வாடிக்கையாளர் மனம் கோணக் கூடாது என்பது மட்டும்தான் அந்த மனுஷனுக்கு வேதம். என் தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு கூசாமல் சொன்னார்: "ரெண்டரை மணி நேரந்தான்க்கா. காத்து நல்லா இருக்குலா."

நான் வாயைத் திறந்தேன். "நீ சும்மா இரு," என்றார். இருந்தேன். அதற்காக இன்றும் என் மேலேயே எனக்கு ஆத்திரம்.

ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்குக் கிளம்பினார்கள். நம் நேரப்படி பன்னிரண்டரைக்கு அப்பா போய்விட்டார். விமானம் இறங்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது. ஏழரைக்கே கிளம்பியிருந்தால் அந்தப் பெண் அரை மணி நேரமாவது அப்பா கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். என் மூன்றே முக்கால் ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை. சரியாகச் சொல்லி என்ன பிரயோஜனம்?

முதலாளி சாப்பிடப் போயிருந்தார். போன் அடித்தது. தெலுக் இந்தானிலிருந்து அவர்களுடைய தம்பி. அடுத்த விமானம் வேண்டுமாம், உடனே.

காலண்டர் எதிரிலேயே தொங்கியது. கேட்டேன், வேண்டுமென்றேதான் கேட்டேன்: "நேரம் பாக்கணுமா அண்ணே?"

"சாவுக்குப் போறதுக்கு என்னம்மா நேரம்?" என்றார்.