வெள்ளையா, சாம்பலா: ஒரு வண்டிக்கு ஓட்டெடுத்த கதை

சிங்கப்பூரில் வாடகை வண்டி ஓட்டுகிறவன் தன் வண்டியைத் தேர்ந்தெடுப்பதில்லை. பின்னால் உட்கார்ந்து கைப்பேசியில் நட்சத்திரம் போடுகிறவர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்தத் தொழிலில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வலிக்கிற முதுகு நம்முடையது, இருக்கையைப் பற்றிய அபிப்பிராயம் அவர்களுடையது.

நான் ஓட்டிக்கொண்டிருந்த பழைய செடானுக்கு இந்த ஊர்ச் சட்டம் தரும் பத்தாண்டு ஆயுள் முடிந்தது. வாடகை நிறுவனத்தில் கைவசம் இருந்தவை இரண்டு. இரண்டும் சின்ன எஸ்யூவி, இரண்டும் ஹைப்ரிட், பெட்ரோல் குடிப்பதிலும் ஏறக்குறைய ஒன்றே. ஒன்று வெள்ளை, மற்றது சாம்பல். எது நல்லது என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியை நான் எப்படித் தீர்த்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன், உங்களுக்கும் பயன்படலாம்.

முகப்பில் ஒரு தீர்மானம்

வாடகை நிறுவனத்தின் முகப்பில் இருப்பவள் கவிதா. சுறுசுறுப்பான பெண், என்னை அங்கிள் என்பாள். ஒரு வாரம் சாம்பல், ஒரு வாரம் வெள்ளை என்று ஓட்டிப் பார்த்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாம் என்றாள். அந்த இரண்டு வாரமும் பயணிகளிடம் ஓட்டெடுக்கப் போகிறேன் என்றேன். அவள் சிரித்தாள். சிரிக்கட்டும். நான் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவன். பள்ளிக்கூடம் எனக்கு எழுத்தை மட்டும் சொல்லித் தந்தது. மற்றதையெல்லாம் தொழிற்சங்கத் துண்டுப் பிரசுரங்கள் சொல்லித் தந்தன. பலரைத் தொடும் முடிவைப் பலரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பது அவற்றில் நான் படித்த முதல் பாடம். அதை இன்னும் மறக்காதவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர் மிச்சம் என்று எனக்குத் தெரியாது.

சாம்பல் வண்டியின் சாவியை நீட்டிக்கொண்டே கவிதா சொன்னாள்: "எல்லாரும் சாம்பல்தான் கேக்குறாங்க அங்கிள். நீங்க மட்டும் ஏன் லா ஒரு காருக்கு மீட்டிங் போடுறீங்க?"

கொதிக்காத குழம்பு

சாம்பல் வண்டி ஓடுவது காதில் விழாது. மெதுவாகப் போகும்போது பேட்டரியிலேயே போய்விடும். முதல் நாள் சிராங்கூன் ரோட்டில் நகைக்கடை வாசலில் ஓர் அம்மா ஏறினார். வண்டி விளக்குக் கம்பத்தைத் தாண்டிய பிறகு, "எப்பத் தம்பி கிளம்புவீங்க?" என்று கேட்டார். கிளம்பிவிட்டோம் என்று சொன்னதும் சன்னலைப் பார்த்து உறுதி செய்துகொண்டார்.

அந்த நேரம் அவருடைய கைப்பேசி அடித்தது. வீட்டுக்காரர். "வீட்லதாங்க இருக்கேன். குழம்பு கொதிச்சுக்கிட்டு இருக்கு" என்றார் அம்மா. நான் மூச்சு விடவில்லை, வண்டியும் விடவில்லை. பேச்சு முடிந்ததும் மடியிலிருந்த சிவப்பு நகைப்பெட்டியைக் கைப்பைக்குள் தள்ளினார். பிறகு நான் இரண்டு வண்டிகளையும் பற்றி எடுத்துச் சொன்னேன். வெள்ளை கொஞ்சம் உறுமும், மேம்பாலம் ஏறும்போது அதிகமாகவே உறுமும் என்பதையும் மறைக்கவில்லை. அவர் யோசிக்கவே இல்லை.

"இதுக்கே என் ஓட்டப் போட்டுக்கங்க தம்பி. உறுமுற வண்டியில குழம்பு கொதிக்காது."

முன் இருக்கைக்காரர்

ஆங் மோ கியோவில் மாணிக்கம் அண்ணன் இருக்கிறார். பட்டறையில் எங்கள் சங்கக் கிளையின் செயலாளராக இருந்தவர். இரவு வேலைக்கான படி பற்றி நிர்வாகம் சொன்ன சமரசத்தை அவர் ஓட்டுக்கு விட்டார். கூடம் முழுவதும் ஏற்றுக்கொண்டு கை தூக்கியது. எதிர்த்து உயர்ந்தது என் கை ஒன்றுதான். அவர் எங்களை விற்றுவிட்டார் என்று துண்டுப் பிரசுரம் எழுதினேன்; கையெழுத்துப் போட வேறு ஆள் இல்லாததால் நான் ஒருவனே போட்டேன். அதற்குப் பிறகு பல வருடம் பேச்சு வார்த்தை இல்லை. ஒருநாள் அவர் மகள் அப்பாவுக்காகக் கைப்பேசியில் வண்டி கூப்பிட்டபோது வந்து நின்றது என் வண்டி. அவரும் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தச் சமரசம் தவறு என்பதுதான் இன்றைக்கும் என் கருத்து. ஆனால் அன்றிலிருந்து சனிக்கிழமை மாலைகளில் அவரை நான்தான் லிட்டில் இந்தியாவுக்கு அழைத்துப் போகிறேன். அங்கே ஒரு காப்பிக்கடையில் பழைய பட்டறை ஆட்கள் சிலர் கூடுவோம். வாரத்தில் அவர் வீட்டைவிட்டு வெளியே வருவது அதற்கு மட்டும்தான்.

இடுப்பு எலும்பு மாற்றிய பிறகு அவர் வாக்கர் பிடித்து நடக்கிறார். இரண்டு நிபந்தனைகள் வைத்திருக்கிறார். முதலாளி மாதிரிப் பின்னால் உட்கார மாட்டார். யாரும் அவரைத் தூக்கி ஏற்றக் கூடாது. "தூக்கித்தான் ஏத்தணும்னா நான் வீட்லயே இருந்துக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார், சொன்னதைச் செய்கிற மனிதர். பழைய செடான் தாழ்வு. விழுந்து உட்கார்ந்துவிடுவார், எழுந்திருப்பதுதான் பெரும்பாடாகிக்கொண்டு வந்தது. உயரமான வண்டி வந்தால் சரியாகிவிடும் என்று நான் நினைத்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை சாம்பல் வண்டியோடு போய் நின்றேன். இருக்கை உயரம் சரிதான். ஆனால் கதவுக்குக் கீழே படி மாதிரி ஓர் அகலமான விளிம்பு, இருக்கையின் ஓரம் இரண்டு பக்கமும் தூக்கலாக இருக்கும், பந்தய வண்டி மாதிரி. கதவும் பாதிதான் திறக்கும். அண்ணன் முதுகைத் திருப்பி உட்காரப் பார்த்தார். விளிம்பைத் தாண்டி இருக்கை எட்டவில்லை. காலை முதலில் வைத்துப் பார்த்தார், இடுப்பு மடங்கவில்லை. நான் கையை நீட்டினேன். அவர் பார்த்த பார்வையில் கையைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அடுக்குமாடிப் புளோக்கின் கீழே சீனப் பெரியவர் ஒருவர் செய்தித்தாளைத் தாழ்த்தி எங்களைப் பார்த்தார். அண்ணன் வாக்கரைத் திருப்பிப் பிடித்தார். வெயில் ஜாஸ்தி, டீ குடிக்கத் தோன்றவில்லை, நீ போய்விட்டு வா என்றார்.

மின்தூக்கிக் கதவு திறந்தது. உள்ளே போகும் முன் நின்று, வண்டியை ஒருமுறை தலை முதல் கால் வரை பார்த்தார்.

"நல்ல வண்டி தம்பி. உன் தொழிலுக்கு ஏத்த வண்டி. என் ஓட்டு இதுக்கே."

பேர் எழுதாத ஓட்டு

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம், ஊரிலிருந்து கட்டட வேலைக்கு வந்த நான்கு தம்பிகள் ஏறினார்கள், பூன் லே தாண்டித் தங்குவிடுதிக்கு. வழக்கமாகப் பேருந்தில் போகிறவர்கள். ஊருக்கு அனுப்பப் பெரிய அட்டைப்பெட்டி ஒன்று வாங்கிவிட்டதால் இன்று நால்வரும் சேர்ந்து வண்டி எடுத்தார்கள். பெட்டி சாம்பல் வண்டியின் பின்பக்கத்தில் சுலபமாகப் போனது. கூரை முழுவதும் கண்ணாடி. மறைப்பைத் திறந்து விட்டேன், ஆகாயம் பார்க்கட்டும் என்று. முன்னால் இருந்த தம்பி சிறிது நேரத்தில், "மூடிருங்கண்ணே. நாள் பூரா கிரேனுக்குக் கீழ நின்னு மேலயேதான் பாக்குறோம்" என்றான். மூடினேன்.

வேலை எப்படி, ஓய்வு தருகிறார்களா என்று விசாரித்தேன். நல்லாருக்குண்ணே என்றார்கள் நால்வரும், ஒரே மாதிரி. எனக்கு உள்ளே பழைய கோபம் கிளம்பியது. ஆனால் அவர்கள் மேல் கோபப்பட்டு என்ன செய்ய? நான் கத்திய காலத்தில் எனக்கு இந்த ஊர் அடையாள அட்டை இருந்தது. அவர்களிடம் இருப்பது வேலை அனுமதி அட்டை. வேலை போனால் அந்த அட்டையும் போகும். பேச்சை மாற்றி வண்டிக்கு ஓட்டுக் கேட்டேன். நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் என்ன சொன்னார்கள் என்று எழுதி வைப்பீர்களா என்று ஒருவன் கேட்டான். மாட்டேன் என்றேன். கம்பெனிக்கு விஷயம் போகாதில்லையா என்றான். போகாது என்றேன்.

தங்குவிடுதி வாசலில் பெட்டியை இறக்கிய பிறகுதான் பதில் வந்தது: "பேர் எழுத மாட்டீங்கன்னா, நாலு பேரும் இந்தச் சாம்பலுக்கேண்ணே."

ஏறி இறங்குகிறவள்

வெள்ளை வாரம் தொடங்கியது. வெள்ளைக்கு அழகு கிடையாது. முகப்புப் பலகை பிளாஸ்டிக், திரை சிறிது, மேட்டில் ஏறினால் மாவு அரைக்கிற சத்தம். ஓட்டு ஒன்றன்பின் ஒன்றாகச் சாம்பலுக்கே போய்க்கொண்டிருந்தது.

ஓர் இளம் தம்பதி, கைக்குழந்தையோடு. குழந்தை இருக்கையைத் தாங்களே கொண்டுவந்திருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். நான் விஷயத்தைச் சொன்னதும் கணவர் உற்சாகமாகிவிட்டார். அவர்களும் சொந்தமாக இதே இரண்டு வண்டிகளில் ஒன்றை வாங்கத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறார்களாம். கைப்பேசியிலிருந்து இரண்டின் நீளம், அகலம், குதிரைசக்தி எல்லாம் வாசித்தார். எல்லாவற்றிலும் சாம்பல் ஒரு விரற்கடை முன்னால் நின்றது. மனைவி அதற்குள் வெள்ளையின் கதவை முழுசாகத் திறந்து, குனியாமல் குழந்தையை வைத்து, வாரை மாட்டி, தானும் ஏறி உட்கார்ந்துவிட்டார். கதவு சுவர் மாதிரி நேராகத் திறந்து நின்றது. கீழே விளிம்பே இல்லை. போன வாரம் ஆங் மோ கியோவில் என் கண்ணில் பட்டிருக்க வேண்டியது அப்போதுதான் பட்டது.

கணவர் இன்னும் வெளியே நின்று வாசித்துக்கொண்டிருந்தார். மனைவி உள்ளேயிருந்து சொன்னார்: "நம்பர் பூரா நீங்க பாருங்க. பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஏறி இறங்கப் போறது நான். என் ஓட்டு வெள்ளைக்கு."

ஜாலான் புசாரில் ஒரு குறுக்கு விசாரணை

காதர் பாய் என்னோடு ஓட்டுகிறவர். ஜாலான் புசாரில் இரும்புக்கடைகளுக்கு நடுவே ஒரு காப்பிக்கடையில் இருவரும் பசியாறுவோம். முடிவு என்ன என்று கேட்டார். சாம்பல் ஜெயித்துவிட்டது, பக்கத்தில் கூட யாரும் வரவில்லை என்றேன். அப்புறம் முகம் ஏன் இப்படி இருக்கிறது என்றார். மாணிக்கம் அண்ணன் சாம்பலில் ஏற முடியாததைச் சொன்னேன். பாய் ரொட்டியைப் பிய்த்தபடி கேட்டுக்கொண்டார்.

வாரத்தில் ஒருநாள் ஏறுகிற ஒருவருக்காக, தினமும் ஏறுகிறவர்கள் கேட்டதை விட முடியுமா என்றார். அவர் கணக்கில் தப்பில்லை. நட்சத்திரம் குறைந்தால் அழைப்பு குறையும், அழைப்பு குறைந்தால் நாம்தான் உட்கார்ந்து விரலைச் சொடுக்க வேண்டும். பட்டறையில் அன்று என்னிடம் எல்லாரும் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். கை அதிகம் என்பதால் முடிவு சரியாகிவிடாது என்று அன்று சொன்ன பதிலையே இன்றும் சொல்ல வாயெடுத்தேன். பாய் விடவில்லை.

"தோத்தா ஒத்துக்க மாட்டீங்கன்னா, எதுக்குண்ணே ஓட்டெடுத்தீங்க?"

கதவு

சனிக்கிழமை வெள்ளை வண்டியோடு ஆங் மோ கியோவுக்குப் போனேன். அண்ணன் வர மாட்டேன் என்று மகளிடம் சொல்லி அனுப்பினார். கதவை மட்டும் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று மகளிடம் சொன்னேன். இறங்கி வந்தார். நான் கதவைத் திறந்துவிட்டு நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டேன். கை கால்சட்டைப் பையில்தான் இருந்தது.

அண்ணன் முதுகைத் திருப்பினார். ஒரு கை வாக்கரில், ஒரு கை கதவில். உட்கார்ந்தார். சாதாரணமாக, நாற்காலியில் உட்காருகிற மாதிரி. பிறகு ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைத்துக்கொண்டார். சட்டையை இழுத்துவிட்டு நேராகப் பார்த்தார். நான் வாக்கரை மடித்துப் பின்னால் வைத்தேன்.

"ஓட்டு என்ன ஆச்சு?" என்றார்.

"சாம்பல் ஜெயிச்சிருச்சுண்ணே."

"அப்பச் சாம்பலத்தான எடுக்கணும்."

"வெள்ளையத்தான் எடுக்கப் போறேன்."

"நானே சாம்பலுக்குத்தான் போட்டேன்."

"தெரியும். நான் வெள்ளைக்குப் போட்டுட்டேன். அதுவே போதும்."

நான் திறந்த கதவைப் பிடித்தபடியே நின்றேன். இத்தனை வருடத்தில் அந்தக் கூடத்தைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. கண்ணாடிக்கு அப்பால், அந்தச் சீனப் பெரியவர் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே அண்ணன் பேசினார்.

"அன்னைக்கும் நீ ஒருத்தன்தான் எதிர்த்துக் கை தூக்குன. சரி, கதவ மூடு தம்பி, அங்க டீ ஆறுது."

தோற்ற பக்கத்தில் நின்றும் நான் நினைத்தபடியே முடிந்த ஒரே ஓட்டெடுப்பு இதுதான், அதற்கும் வாரா வாரம் வாடகை கட்டிக்கொண்டிருக்கிறேன்.