மாதவி செய்த காது

கிள்ளானில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பதினாறு வருஷம் ரப்பர் பால் கலவை போட்டவள் மாதவி. படிப்பு ஐந்தாம் படிவத்தோடு சரி. ஆலையை மூடியபோது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. பிரிக்ஃபீல்ட்ஸில் செயற்கை உறுப்புகளை முப்பரிமாணத்தில் அச்சிடும் சிறு கூடம் நடத்திய இல்யாஸ்தான் அவளை வேலைக்கு எடுத்தார். உடம்பில் பட்டாலும் கெடுதல் செய்யாத, வளைந்து கொடுக்கும் பிசின் ஒன்றை உருவாக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

"கலவை தெரிஞ்ச ஆளு வேணும்க்கா. சர்ட்டிபிகேட் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் லா."

அவர்களைத் தேடி முதலில் வந்தவர் லோரி ஓட்டுநர் வேலாயுதம். புற்றுநோய்க்காக அவருடைய இடது காது மடலை எடுத்துவிட்டார்கள். கேட்பதில் பெரிய குறையில்லை, மூக்குக்கண்ணாடிதான் நிற்கவில்லை. கண்ணாடி இல்லாமல் லோரி ஓட்ட முடியாது. கம்போங் மேடானில் ஓர் அடுக்குமாடி வாசலில் காவலுக்கு நின்றுகொண்டிருந்தார்.

வலது காதைப் படமெடுத்து, அதை இடது காதாகத் திருப்பி, அச்சிட்டார்கள். ஒன்பதாவது கலவையில் வந்த காது நிஜக் காதைப் போலவே மடங்கி நிமிர்ந்தது. ஆனால் சோதனைச்சாலையில், அந்தப் பிசின் ஊறிய நீர் பட்ட செல்களில் பாதிக்கு மேல் செத்துப்போயின.

வேலாயுதம் விடவில்லை. "நான் கையெழுத்து போட்டுத் தரேம்மா. அரிச்சா அரிக்கட்டும்."

"அண்ணே, அது கத்தி பட்டு, புத்துநோய்க்குக் கரண்டு வச்ச தோலு. புண்ணு வந்தா ஆறாது. நான் குடுக்க மாட்டேன்."

அவர் எழுந்து போனார். அதன் பிறகு அவள் கூப்பிட்டாலும் போனை எடுக்கவில்லை.

ஒளி பட்டுப் பிசின் இறுகும்போது கொஞ்சம் இறுகாமல் உள்ளேயே தங்கிக் கசிகிறது என்று மாதவிக்குப் பட்டது. ஆலையில் கையுறைகளை வெந்நீரில் ஊறவைத்துக் கசடு எடுத்த கை அது. காதையும் அப்படியே ஊறவைத்து, மறுபடி ஒளியில் காயவைத்தாள். செல்கள் பிழைத்தன, காது விறைத்து ஓரத்தில் வெடித்தது. மென்மையைத் தந்ததே அந்தக் கசிந்த திரவம்தான். அதை அடியோடு நீக்கி, கசியாமல் பிசினோடு பிணைந்து மென்மை தரும் வேறொன்றைச் சேர்த்தாள். ஏழு மாதம் ஓடியது. இருபத்தாறாவது கலவையில் காதும் வளைந்தது, செல்களும் உயிரோடு இருந்தன. அறிக்கையைப் படித்துவிட்டு இல்யாஸிடம் நீட்டினாள்.

"நான் படிச்சது சரிதானா பாருங்க, பாஸ்."

"சரிதாங்க்கா."

மிச்சச் சோதனைகளும் முடிந்து மருத்துவர் சம்மதித்ததும், காவல் கொட்டகைக்கே போய் நின்றாள்.

"இப்பவாச்சும் குடுப்பியா?" என்றார் வேலாயுதம்.

"அதுக்குத்தான் வந்தேண்ணே."

மருத்துவமனை மாடியில் மருத்துவர் காதை ஒட்டினார். நிறம் மட்டும் கொஞ்சம் வெளுப்பு. வேலாயுதம் கண்ணாடியை மாட்டி, தலையை இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்குப் போய், கீழே போகும் வண்டிகளின் எண்களை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். மாதவி முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த மாதமே அவர் லோரிக்குத் திரும்பினார். ஐந்து மாத வெயிலில் காதின் ஓரம் மஞ்சளித்துவிட்டது. மாதவி அவருக்கு வேறொன்று அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, வெயில் தாங்கும் கலவையைத் தேடத் தொடங்கியிருக்கிறாள்.